வெல்டா நடத்திய பள்ளிக்கூடம்

கோழிப்பண்ணை வேலையாள் டப் ஹாலிங்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு மர அறுவை மில்லுக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான், லிண்டெல் ப்ராஸ்வெலுக்குத் தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை வந்தது.

ஆகஸ்ட் மாதம். பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள் இருந்தது. நாலு ஷெட்டிலும் குஞ்சு இறக்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஷெட்டுக்கு இருபத்திரண்டாயிரம். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் கரண்டும் சாவும் லிண்டெலுடையவை. தினமும் இரண்டு நடை ஒவ்வொரு ஷெட்டையும் முழுக்க நடந்து, செத்ததைப் பொறுக்க வேண்டும். கால் வளைந்து கிடப்பதை, நாளைக்குச் சாகப்போவதைக் கழுத்தைத் திருகி வாளியில் போட வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் நாற்றம் கண்ணைப் பிடுங்கும். டப் இல்லாமல் லிண்டெல் ஒருவனால் ஆகிற காரியம் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு பீன்ஸும் சோளரொட்டியும் நறுக்கின பச்சை வெங்காயமும் இருந்தன. லிண்டெல் ஜெபம் சொல்லி முடித்து, ரொட்டியைப் பிட்டு பீன்ஸ் சாற்றில் போட்டுவிட்டுச் சொன்னான்.

"இந்த வருஷத்துலேர்ந்து பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக வேண்டாம். வீட்டுலயே படிக்கட்டும்."

பெரியவள் ரோவெனாவுக்குப் பதினான்கு நடந்துகொண்டிருந்தது. சின்னவள் லெட்டிக்கு ஆறு. லெட்டி அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போக இருந்தாள். ஊதா நிறத்தில் ஒரு பை வாங்கி, அதை முதுகில் மாட்டிக்கொண்டே நாலு நாளாகத் திரிந்தாள். சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

"எதுக்குப்பா?" என்றாள் ரோவெனா.

"எதுக்கா? அங்க என்ன சொல்லித் தர்றான்? மனுசன் குரங்குலேர்ந்து வந்தான்னு சொல்லித் தர்றான். நம்ம சர்ச்சுல ஆறு குடும்பம் வீட்டுல வெச்சுத்தான் படிக்க வைக்குது. அந்தப் பிள்ளைங்க என்ன கெட்டா போச்சு?"

"யாருப்பா சொல்லித் தருவா?"

"உங்கம்மா எதுக்கு இருக்கா?"

ரோவெனா அம்மாவைப் பார்த்தாள்.

வெல்டாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய அப்பா மரம் வெட்டுகிற கூலிக்காரர். காடு மாறும்போதெல்லாம் குடும்பமும் மாறும். ஒரு வருஷத்தில் மூன்று பள்ளிக்கூடம். எல்லாவற்றிலும் கடைசி பெஞ்சு. பதினொரு வயதில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டாள். தன் பெயரைக் கோலம் போடுகிற மாதிரி வரைவாள், அவ்வளவுதான். கடையில் டப்பாவின் நிறத்தைப் பார்த்து வாங்குவாள். சர்ச்சில் பைபிளை மடியில் விரித்து, பக்கத்தில் இருப்பவர்கள் தாள் புரட்டும்போது தானும் புரட்டுவாள். கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாமல் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டதாக அவளுக்கு ஒரு நம்பிக்கை.

தெரிந்தவள் ரோவெனா ஒருத்திதான். எட்டு வயதில், டீச்சர் கொடுத்தனுப்பிய கடுதாசியை நாளைக்கு லீவு என்று பொய்யாக வாசித்துக் காட்டி வீட்டில் இருந்துகொண்டாள். அம்மா அதை நம்பினாள். நம்பினதைப் பார்த்ததும் பிள்ளைக்குப் புரிந்துபோயிற்று. சாயங்காலம் அடக்கமாட்டாமல் அழுது உண்மையைச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற கடுதாசி, பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அடுப்படியில் மெல்லிய குரலில் அவள்தான் வாசித்துச் சொல்வாள். ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை.

"அம்மா, நீ சொல்லேன்," என்றாள் இப்போது.

ஒரே ஒரு வாக்கியம். எனக்குப் படிக்கத் தெரியாது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன் என்று சொன்னால் போதும். வெல்டாவுக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது. லிண்டெல் ரொட்டியை மென்றுகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து அடுப்பிலிருந்து இன்னொரு துண்டு ரொட்டி எடுத்து வந்தாள்.

"அப்பா சொல்றது சரிதானே," என்றாள். "நாலு எழுத்து நான் சொல்லித்தர மாட்டேனா?"

ரோவெனா அதற்கப்புறம் சாப்பிடவில்லை. லெட்டி மட்டும், "அப்போ பை?" என்று கேட்டாள்.

"பை எங்கயும் போயிடாது," என்றான் லிண்டெல்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரின் மனைவி சிஸ்டர் இமோஜின் வெல்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய புத்தகங்களைக் கொடுத்தாள்.

"ஆரம்பத்துல பயமாத்தான் இருக்கும் சிஸ்டர். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா நம்ம மாநிலம் நல்ல மாநிலம். யாரும் வந்து கேக்க மாட்டாங்க. பரீட்சை கிடையாது. வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் படிச்சதா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கணும், அவ்வளவுதான். அதுல அறுநூறு மணி நேரம் வாசிப்பு, மொழி, கணக்கு, அறிவியல், சமூகம்னு காட்டணும். இந்தாங்க, இந்தப் பக்கத்துல எல்லாம் இருக்கு. வாசிங்களேன்."

"கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன் சிஸ்டர்."

"போன வாரமும் அப்படித்தானே சொன்னீங்க!" என்று சிஸ்டர் இமோஜின் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வெல்டாவும் சேர்ந்து சிரித்தாள்.

பள்ளிக்கூட வண்டி, மஞ்சள் நிறத்தில், காலை ஆறே முக்காலுக்கு மேட்டு ரோட்டில் போகும். அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் இரண்டாவது ஷெட்டில் இருப்பார்கள். உள்ளே போனதும் மூத்திர வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டும். பத்து நிமிஷத்தில் பழகிவிடும்; பழகின பிறகு ஒன்றும் தெரியாது, வெளியே வந்து அடுத்தவர்கள் மூக்கைச் சுளிக்கும்போதுதான் தெரியும். ரோவெனா சுவரை ஒட்டி நடப்பாள், லெட்டி நடுவில். கோழி சின்னதாக இருக்கும்போது லெட்டிக்கு அது விளையாட்டாக இருந்தது. முதல் மாதம் நொண்டிக் குஞ்சுகளைப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பருகில் வைத்தாள். லிண்டெல் ஒவ்வொன்றாக எடுத்து அவள் எதிரிலேயே திருகிக் காட்டினான். "இப்படிப் பிடி. இழு. திருப்பு. அதுக்கு வலிக்காது. உனக்குத்தான் வலிக்கும், நாலு நாளைக்கு." அவன் சொன்னது சரியாகவே இருந்தது. ஐந்தாவது நாள் லெட்டி தானே திருகினாள்.

மணிக்கணக்கு நோட்டை ரோவெனாதான் எழுதினாள். சாப்பாடு முடிந்ததும் லிண்டெல் பல்லைக் குத்திக்கொண்டே சொல்லுவான்.

"காலையில ரெண்டு மணி நேரம் பொறுக்குனீங்களா? கணக்குன்னு எழுது. எண்ணித்தானே வாளியில போடுறீங்க?"

"தண்ணியில மருந்து கலந்தது?"

"அறிவியல்."

"எரு அள்ளுனது?"

"அது... சமூகம்னு போடு." அவன் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பான். "நம்ம சமூகம் அதுலதானே கிடக்கு!"

ரோவெனா தலை நிமிராமல் எழுதி, நோட்டை அம்மா பக்கம் தள்ளுவாள். வெல்டா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எழுதியதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, அடியில் தன் பெயரை வரைவாள்.

அம்மாவும் பெண்ணும் அடுப்படியில் மெல்லிய குரலில் பேசிக்கொள்வது நின்றுபோயிருந்தது. பில் வந்தால் ரோவெனா உரக்க வாசித்தாள், பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி. வெல்டா பதறிப்போய் வானொலியைச் சத்தமாக வைப்பாள்.

அக்டோபரில் ஒரு நாள், ஓக் இலை சிவந்து கொட்டிக்கொண்டிருந்த நேரம், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கெஸ்லர் தன் காரை வாசலில் நிறுத்தினார். வெல்டா கதவைத் திறந்து வெளியே வந்து, பின்னால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ரோவெனாவை மேல் வகுப்புக் கணக்குல போட்டிருந்தோம்மா. அவ இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. இந்த மாதிரி பிள்ளை எனக்குப் பத்து வருஷத்துக்கு ஒண்ணுதான் கிடைக்கும். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அவளேதான் வேண்டாம்னுட்டா சார்."

"ரோவெனாவா?"

"ஸ்கூல் பிடிக்கலன்னுட்டா. நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்."

வாத்தியாரின் பார்வை வெல்டாவின் தோளைத் தாண்டிப் போனது. ரோவெனா வீட்டு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் வாளி. வாளியின் வாய்க்கு மேலே வெள்ளைக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்படியா ரோவெனா?" என்று அவர் அவளை நோக்கி இரண்டு எட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் வாடை அடித்தது. நல்ல மனுசர்தான், தன்னை அறியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்துவிட்டார்.

ரோவெனா அந்த ஒரு எட்டைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமா சார்," என்றாள். "எனக்குத்தான் பிடிக்கல."

கார் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள். அன்று ராத்திரி, வெல்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தாள். இரண்டு மாதமாக அப்படி வந்து நின்றதில்லை.

"லெட்டிக்கு நானே சொல்லித் தர்றேம்மா."

வெல்டாவின் கை தண்ணீருக்குள் நின்றது.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான். தினமும் ஒரு மணி நேரம். நீ பக்கத்துல உக்காந்திருந்தா போதும். அப்பா பார்த்தா நீ சொல்லித் தர்ற மாதிரி இருக்கும்."

வெல்டா ஈரக் கையோடு மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு நுரை கன்னத்தில் ஒட்டியது. ரோவெனா அதைத் துடைக்காமல் நின்றாள்.

அந்தக் குளிர்காலம் வெல்டாவுக்கு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். நாலு மணிக்கே இருட்டிவிடும். அடுப்பில் மான்கறி வெந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு மேசையில் அக்காவும் தங்கையும் தலையோடு தலை முட்டி உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் இமோஜின் தந்த புத்தகங்களை ரோவெனா தொடவில்லை. "அதெல்லாம் பழசும்மா, நானே செய்றேன்" என்று தீவன மூட்டை அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்து, பக்கத்தில் எழுத்தை எழுதினாள். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. லெட்டி தப்பாகச் சொன்னால் கோபிக்க மாட்டாள். திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாள். சரியாகச் சொன்னால் நெற்றியில் முத்தம் கொடுப்பாள். லெட்டிக்கு அந்த முத்தத்துக்காகவே எழுத்து ஏறியது. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே வெல்டா கேட்டுக்கொண்டிருப்பாள். சில சமயம் எட்டிப் பார்த்து, தானும் ஒரு எழுத்தை மனசில் பிடித்துவைக்க முயற்சி செய்வாள். ராத்திரி படுக்கும்போது அந்த எழுத்தைப் போர்வைமேல் விரலால் எழுதிப் பார்ப்பாள். லெட்டி படித்து முடிப்பதற்குள் தானும் படித்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு ரகசிய ஆசை வந்திருந்தது.

ஜனவரியில் பனிக்கட்டி மழை அடித்தது. மரக்கிளைகள் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி முறிந்து விழுந்தன. கம்பி அறுந்து கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் மூன்று ஷெட்டுக்குத்தான் தாங்கியது. நாலாவது ஷெட்டில் குஞ்சுகள் சூட்டுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலைகளில் குவிந்து, அடியில் இருந்தவை நசுங்கி, மேலே இருந்தவை விறைத்துச் செத்தன. ஒன்பதாயிரம். மூன்று நாள் அள்ளினார்கள். முதல் நாள் வாளியில் அள்ளினார்கள், மறுநாள் மண்வாரியில். லெட்டிக்குக் கையுறை பெரிதாக இருந்ததால் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் அள்ளினாள். விரல் நுனிகள் வெளுத்து, அப்புறம் சிவந்து, அப்புறம் தோல் உரிந்தன. வெல்டா பன்றிக்கொழுப்பைத் தடவித் துணி சுற்றிவிட்டாள். சுற்றின கையோடு லெட்டி மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு வேணாம் கண்ணு."

"அக்கா புதுசா எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கா."

அன்றைக்கு எழுதியதுதான் அந்தத் தாள். முழுசாக ஒரு வாக்கியம். ரோவெனா புள்ளி வைத்துக் கொடுக்க, லெட்டி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வண்ணம் தீட்டினாள். கீழே ஒரு கோழி, அதன் மூக்கருகே ஒரு சொட்டுத் தண்ணீர்.

"என்ன கண்ணு எழுதியிருக்கு?"

லெட்டி துணி சுற்றின விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து வாசித்தாள். "எங்கவீட்டுக். கோழி. தண்ணி. குடிக்குது."

வெல்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாளைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். லிண்டெல் பால் எடுக்க வந்தவன், கதவைத் திறக்காமல் சற்று நேரம் நின்று பார்த்தான்.

"நல்ல கையெழுத்து," என்றான்.

பிப்ரவரியில் கம்பெனி சூப்பர்வைசர் காபி குடிக்க உள்ளே வந்தபோதும் அந்தத் தாளைத்தான் பார்த்தான். பார்த்ததும் காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "பொண்ணு கெட்டிக்காரிதான் லிண்டெல்," என்றான். "ரெண்டு பேருமே கெட்டிக்காரிங்க," என்றான் லிண்டெல். இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். வெல்டா பெருமையில் இன்னொரு கோப்பை காபி ஊற்றினாள்.

மார்ச் மாதக் கடைசியில் சர்ச்சின் கீழ்த்தளத்தில், வீட்டில் படிக்கிற பிள்ளைகள் தாங்கள் கற்றதைக் காட்டுகிற நாள் வந்தது. குடும்பத்துக்கு ஒரு பாத்திரம் சாப்பாடு. உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ், பன்றி இறைச்சி, மூன்று நிற ஜெல்லி. கோழி வளர்க்கிற ஊரில் கோழியை யாரும் கொண்டுவருவதில்லை. ரோவெனா வயிற்றுவலி என்று வரவில்லை. வெல்டா நீலப் பூப்போட்ட உடையைப் போட்டுக்கொண்டு, லெட்டிக்குத் தலை பின்னி, ஃப்ரிட்ஜிலிருந்து தாளை எடுத்து மடங்காமல் சுருட்டிக் கொண்டுவந்தாள்.

ஒரு பையன் எரிமலை செய்து காட்டினான். ஒருத்தி அறுபத்தாறு பைபிள் புத்தகங்களின் பெயரை மூச்சு விடாமல் சொன்னாள். அப்புறம் சிஸ்டர் இமோஜின், "நம்ம லெட்டி ப்ராஸ்வெல் வாசிக்கப் போறா!" என்றாள்.

லெட்டி நாற்காலிமேல் ஏறினாள். முதுகில் ஊதாப் பை. தாளை விரித்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். மனப்பாடமாகத் தெரியும் என்பதால் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"எங்க வீட்டுக் கோழி தண்ணி குடிக்குது!"

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. லெட்டி சத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். வெல்டா முன்வரிசையில் எல்லோர் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒருத்தி குனிந்து தட்டைப் பார்த்தாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டர் இமோஜினின் பேத்தி நோரா, ஐந்து வயசுக்காரி, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்துவிடுகிற பருவம். பாட்டியின் மடியிலிருந்து விரலை நீட்டி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"என். அம்மா. வுக்கு. படி. படிக்கத். தெரி. யாது."

"நோரா!" என்றாள் சிஸ்டர் இமோஜின்.

"அப்படித்தான் போட்டிருக்கு பாட்டி."

பின்னால் யாரோ ஒருவரிடமிருந்து சிரிப்பு பீறிட்டது. அது தொடங்கி வைத்தது. வெடித்துச் சிரிக்கவில்லை, இருமுகிற மாதிரி, நாற்காலியை நகர்த்துகிற மாதிரி, கூடம் முழுக்கப் பரவியது. வெல்டா தாளையே பார்த்தாள். வண்ண வண்ணமான எழுத்துகள். இரண்டு மாதம் அடுப்படியில் தினமும் பார்த்த எழுத்துகள். இப்போதும் அவளுக்கு அவை ஒன்றும் சொல்லவில்லை.

சிஸ்டர் இமோஜின் வந்து அவள் கையைப் பிடித்தாள். "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு சிஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே." அந்தக் குரலில் இருந்த இனிப்பை வெல்டா வாழ்நாளில் மறக்க மாட்டாள். இரும்பு வாடை அடித்த இனிப்பு.

வண்டியில் வரும்போது லெட்டி கேட்டாள். "நான் தப்பா வாசிச்சேனாம்மா?"

"இல்ல கண்ணு."

"அப்போ ஏன் நோரா வேற மாதிரி வாசிச்சா?"

வெல்டா வண்டியைப் பண்ணைப் பாதைக்குத் திருப்பினாள்.

ரோவெனா மூன்றாவது ஷெட்டில் இருந்தாள். வெல்டா சர்ச்சுக்குப் போட்ட செருப்போடு எருவில் இறங்கி நடந்தாள். கோழிகள் வெள்ளைத் தண்ணீர் மாதிரி ஒதுங்கி வழிவிட்டு, பின்னால் மூடிக்கொண்டன. மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி அறைந்தாள். ரோவெனா கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த அறைக்கு முகத்தைக் கொஞ்சம் காட்டின மாதிரி நின்றாள்.

"எப்பலேர்ந்துடி?"

"முதல் நாள்லேர்ந்து."

"எல்லாமேவா?"

"எல்லாமே. எழுத்துக்குப் பேரும் மாத்தித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். வாத்துப் படம் போட்டு வேற ஏதோ எழுதியிருப்பேன். நீ அது பக்கத்துல உக்காந்து கிழங்கு உரிச்சிட்டிருந்தே."

"அவ உன் தங்கச்சிடி. ஆறு வயசு."

"உன் பொண்ணும்தானே?" ரோவெனா குனிந்து ஒரு நொண்டிக் கோழியை எடுத்தாள். "நீ எனக்குப் பண்ணினதை நான் அவளுக்குப் பண்ணினேன். உனக்குப் பண்ண முடியல. உன்கிட்டேர்ந்து பறிச்சுக்க என்ன இருக்கு?" கோழியைத் திருகி வாளியில் போட்டாள். "அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாத்தியார்கிட்டயாவது?"

வெல்டா எருவில் புதைந்த செருப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்குள் லிண்டெல் செய்தி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"நீ பார்த்தியா லிண்டெல்? அந்தத் தாளை?"

"ஃப்ரிட்ஜைப் பார்க்காம பால் எடுக்க முடியுமா?"

"பார்த்துட்டுமா சும்மா இருந்தே?"

"பொய்யா எழுதியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன்." அவன் வானொலியின் சத்தத்தைக் குறைத்தான். "கல்யாணமான முதல் மாசமே தெரியும் எனக்கு. ரொட்டியில உப்புன்னு நினைச்சு சோடாவைக் கொட்டினே பாரு, அப்பவே. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். பதினாறு வருஷமா பார்க்கறேன். அதுல எனக்கு ஒரு வேடிக்கை."

"தெரிஞ்சுமா என்னைச் சொல்லிக் குடுக்கச் சொன்னே?"

"சொல்லிக் குடுக்கவா சொன்னேன்? ஷெட்டுக்கு ஆளுதான் இல்லையே."

ரோவெனா அப்போது உள்ளே வந்தாள். கையில் மணிக்கணக்கு நோட்டு. மேசைமேல் வைத்துத் திறந்து அப்பா பக்கம் திருப்பினாள்.

"திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போறேன்."

"யாரு விட்டா?"

"வாசிச்சுப் பாருங்க. நீங்க சொன்னதை நான் எழுதல. செஞ்சதை எழுதியிருக்கேன். ஒவ்வொரு நாளும். கீழ அம்மா கையெழுத்து இருக்கு."

லிண்டெல் ஒரு பக்கம் புரட்டினான். இன்னொரு பக்கம். அவன் உதடு அசைந்தது. "ஜனவரி பதினாலு. செத்த கோழி சுமந்தது, பதினோரு மணி நேரம். லெட்டியும். படிப்பு, இல்லை." நோட்டை மூடினான்.

"இதைக் கவுன்டி அரசாங்க வக்கீல்கிட்ட கொண்டுபோய்க் குடுப்பேன். பிள்ளைங்களைப் படிக்க வைக்கலன்னு கேஸ் போடுவாரு. இதை அப்படியே இன்னொரு நோட்டுலயும் எழுதி வெச்சிருக்கேன்."

அவன் மகளை வெகுநேரம் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, ஏலத்தில் நல்ல மாட்டைத் தவறவிட்டவன் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"ரெண்டு பேரும் போயிட்டா நாலு ஷெட்டை எவன் பார்ப்பான்?"

"லெட்டியைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலயே," என்றாள் ரோவெனா.

லெட்டி கதவருகில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சரி, நீ போ," என்றான் லிண்டெல். "சின்னவ இருக்கட்டும். அவளுக்குக் கையும் பழகிருச்சு."

வெல்டா வாசலிலிருந்து மேசையருகே வந்தாள். பதினாறு வருஷமாகத் தொண்டையில் இருந்தது, எல்லோர் எதிரிலும் வெளியே வந்தது.

"லெட்டியையும் அனுப்பு லிண்டெல். எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே," என்று சொல்லிவிட்டு லிண்டெல் வானொலியைச் சத்தமாக வைத்தான்.

திங்கட்கிழமை ரோவெனா சோப்புப் போட்டு மூன்று தடவை தலை தேய்த்துக் குளித்துவிட்டு மேட்டு ரோட்டுக்குப் போனாள். மஞ்சள் வண்டி நின்றது, கதவு திறந்தது, மூடியது. முதல் வாரம் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். இரண்டாவது வாரம் கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தாள். கெஸ்லர் வாத்தியார் மேசையில் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால், ஒன்பது மணிவரை எழுந்திருக்க மாட்டாள். யாரோடும் சண்டை போடவில்லை. யாரோடும் பேசவும் இல்லை.

ஏப்ரலில் புதுக் குஞ்சு இறங்கியது. ஒரு சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. லெட்டி தீவன அட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து, அக்காவின் எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நோரா சொன்னதை அவள் நம்பவில்லை. அக்கா சொல்லிக் கொடுத்தது எப்படித் தப்பாகும்? அவள் ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இன்னைக்குப் புதுசு சொல்லித் தர்றியாக்கா?"

ரோவெனா பென்சிலை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"அம்மாகிட்டக் கேளு," என்றாள்.

அடுப்பருகில் வெல்டா திரும்பினாள். கையில் கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது. லெட்டி அவளைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, நொண்டிக் கோழியைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அட்டைகளைச் சமமாகத் தட்டி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கி, வாசலில் இருந்த பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு, வாளியை எடுத்து, மழையில் ஷெட்டைப் பார்த்து நடந்தாள்.